புகையிலைச் சீமையின் வெள்ளைச் சேவல்

குவாலானாமு

வட சுமத்ராவின் மேடானில் இறங்கும் வெளியூர்க்காரரை முதலில் ஏமாற்றுவது அந்த ஊர்ப் பேச்சுதான். இந்தோனேசியா முழுக்க ‘கெரேத்தா’ என்றால் ரயில். மேடானில் அது மோட்டார் பைக். மற்ற ஊர்களில் ‘மோத்தோர்’ என்றால் பைக், இங்கே கார். ‘பாஜாக்’ என்றால் மற்ற இடங்களில் வரி, இங்கே சந்தை. ஜகார்த்தாவில் நாலு நாள் தங்கி நாற்பது சொல் கற்றுக்கொண்டு வந்திருந்தார் ஒரு திருச்சிப் பயணி. குவாலானாமு விமான நிலைய வாசலில் ஒருவன், “என் கெரேத்தாவில் கொண்டுபோய் விடுகிறேன்” என்றான். தனியார் ரயில் போலிருக்கிறது என்று பின்னாலேயே நடந்தவர், கடைசியில் கைப்பிடி உறை கிழிந்த ஒரு ஹோண்டாவின் முன் போய் நின்றார்.

அசல் ரயில் பிறகு கிடைத்தது. ஜன்னலில் பாதி தூரத்துக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டம், வரிசை பிசகாமல். அதற்கப்புறம் தகரக் கூரைகள், வாழை, துணி காயும் கொடிகள். எதிர் இருக்கையில் பச்சைச் சட்டை போட்ட ஓர் இளைஞன். சட்டையின் நெஞ்சில் கால்பந்து அணியின் சின்னம். பயணி அதையே உற்றுப் பார்த்தார். அணிச் சின்னத்தில் சிங்கம் இருக்கும், கழுகு இருக்கும், கோட்டை கொத்தளம் இருக்கும். இதில் இலை இருந்தது. உறையூரில் சுருட்டுப் பட்டறை இருந்த தெருவில் வளர்ந்தவருக்கு அது என்ன இலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“தெம்பாக்காவ்,” என்றான் இளைஞன். புகையிலை. பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோல: “பெ, எஸ், எம், எஸ்.” மேடான் சுற்றுவட்டாரக் கால்பந்துச் சங்கம் என்பதன் சுருக்கம். செல்லப்பெயர் ஆயாம் கினாந்தான். இறகு, கால், அலகு மூன்றும் வெள்ளையாக இருக்கும் சேவலுக்கு மலாய் நாட்டில் அந்தப் பெயர். அலகு வெள்ளையாக இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளைச் சேவல், கினாந்தான் ஆகாது என்பதை அவன் இரண்டு முறை வலியுறுத்தினான்.

சேவல் சரி, இலை எதற்கு? அதற்குப் பதில் 1863-ல் இருக்கிறது. அந்த வருஷம் யாக்கோபுஸ் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் இந்தச் சீமையை ஆண்ட டெலி சுல்தானிடம் நிலம் வாங்கிப் புகையிலை போட்டார். விளைந்த இலை பட்டுப்போல் மெல்லியது, இழுத்தால் கிழியாது. சுருட்டின் மேல்சுற்றுக்கென்றே பிறந்த இலை என்று ஐரோப்பிய வியாபாரிகள் அடித்துக்கொண்டு வாங்கினார்கள். 1869-ல் டெலி மாட்ஸ்காப்பை என்ற கம்பெனி தொடங்கியது. காடு வெட்ட, நாற்று நட, இலை உலர்த்த ஆள் வேண்டும். சீனர்கள் வந்தார்கள், ஜாவாக்காரர்கள் வந்தார்கள், தமிழர்களும் வந்தார்கள். சாலை போட்டதும், வாய்க்கால் வெட்டியதும், மாட்டுவண்டி ஓட்டியதும் பெரும்பாலும் தமிழர்கள். ஒப்பந்தத்தை மீறிய கூலியைச் சிறையில் தள்ளலாம் என்று 1880-ல் ஒரு சட்டமே போட்டார்கள். மேடான் என்ற பட்டணம் இப்படி எழுந்ததுதான். சட்டையில் இருந்த இலை அழகுக்கு வைத்த இலையல்ல.

லப்பாங்கான் மெர்டேக்கா

ரயில் நிலையத்துக்கு எதிரே சுதந்திரத் திடல். டச்சுக்காரர் காலத்தில் எஸ்பிளனேட். ஓரங்களில் தூங்குமூஞ்சி மரங்கள் குடை விரித்து நிற்கின்றன. ஒரு மரத்தடியில் தேநீர்க்கடை போடலாம், இன்னொரு மரத்தடியில் பஞ்சாயத்தே கூட்டலாம், அவ்வளவு நிழல். திடலைச் சுற்றிப் பழைய அஞ்சலகம், வங்கி, விடுதி என்று வெள்ளைச் சுவர்க் கட்டடங்கள். சுல்தான் அரண்மனையையும் பெரிய பள்ளிவாசலையும் பார்த்துவிட்டுத் தோபா ஏரிக்குக் கிளம்பும் சுற்றுலாக்காரர்கள் இந்தத் திடலில் நிற்பதில்லை. நம் பயணி நின்றார்.

1949 டிசம்பர் கடைசியில்தான் டச்சு அரசு இந்தோனேசியாவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. நாலே மாதத்தில், 1950 ஏப்ரல் 21 அன்று, இந்த ஊரின் ஆறு கால்பந்து அணிகள் கூடி ஒரே சங்கமாயின. அந்த ஆறின் பெயரை வரிசையாகச் சொன்னாலே ஊர் கண்முன் வந்துவிடும். அரபுப் பெயர் சூடிய அல் வத்தான். ‘தாயகம்’ என்று பொருள். பத்தாக் மொழியில் ‘ஒரே சொல்’ எனப்படும் சகாத்தா. போலீஸ்காரர்களின் அணி. மேடான் ஸ்போர்ட். புகையிலைக் கம்பெனியின் பெயரிலேயே இருந்த டெலி மாட்ஸ்காப்பை. ஆறாவது, இந்தியன் ஃபுட்பால் டீம்.

கூடிய ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். கம்பெனி அணியின் சார்பில் வந்தவர் டாக்டர் பிர்ங்காடி. நகரின் அரசு மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்தான். சகாத்தாவிலிருந்து வந்த மாஜா பூர்பா பிற்பாடு மேடான் மேயரானார். அல் வத்தானின் ஆள் ஆடிநெகோரோ. ‘பெவார்த்தா டெலி’ பத்திரிகையை நடத்தியவர், இந்தோனேசியப் பத்திரிகை உலகின் பெரிய கை. இளவயதில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் போய் வந்து ‘மேற்கே ஒரு பயணம்’ என்ற பொருளில் தலைப்பிட்டுப் பயணநூல் எழுதியவரும் அவரே. பயணக் கட்டுரைக்காரர் ஒருவரும் சேர்ந்து நட்ட கால்பந்து அணி என்பதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கத்தான் செய்யும்.

இந்தியர் அணியின் சார்பில் வந்தவர் பெயர் தேஜா சிங்.

கம்போங் மெட்ராஸ்

திடலிலிருந்து பெச்சாக்கில் பத்து நிமிஷம். மோட்டார் பைக்கின் இடப்பக்கம் ஒரு தொட்டில் வண்டியைப் பற்றவைத்தால் அதுதான் மேடான் பெச்சாக். உட்காருகிறவரின் முழங்கால் பக்கத்துக் காரை உரசிக்கொண்டே போகும். நம் ஊர் ஆட்டோவில் உயிருக்குப் பயந்தவர்கள் இதில் ஏறினால் ஆட்டோக்காரரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

முன்பு இந்தப் பேட்டைக்குக் கம்போங் கெலிங் என்று பெயர். கேலியாக ஒலித்த அந்தச் சொல்லை நீக்கி, கம்போங் மெட்ராஸ் ஆக்கினார்கள். 1884-ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இங்கேதான் இருக்கிறது. கோபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி பளபளக்கும் பேரங்காடி. தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கௌதியா பள்ளிவாசல். சாயங்காலம் கடைகளில் ரொட்டி சானே வீசுகிறார்கள். நம் பரோட்டாவின் அதே மாவு, அதே எண்ணெய், அதே கை வீச்சு. ஆனால் ‘கொத்து’ச் சத்தம் இல்லை. தொட்டுக்கொள்ள ஆட்டுக் குழம்பு; தேங்காய்ப்பால் தூக்கல், பட்டை வாசம் தூக்கல், காரம் கொஞ்சம் கம்மி. சால்னாவுக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் முகம் சுளித்தது. மூன்றாவது ரொட்டிக்கு இன்னொரு கரண்டி கேட்டது.

கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். “பேச வரும் தம்பி, எழுத வராது,” என்று தம் தமிழுக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தேவையே இல்லை. கால்பந்து என்றதும் நார் கையிலேயே நின்றுபோனது.

“அப்பா தோள்மேல வச்சு தெலாடான் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு. ஜெயிச்சா பத்தாக்கு, சீனரு, ஜாவாக்காரரு, நம்மாளு எல்லாம் ஒரே பெச்சாக்குமேல ஏறி நின்னு கத்துவோம். தோத்தா எல்லாரும் சேர்ந்து ரெஃப்ரிய வைவோம். அதுலயும் ஒத்துமைதான்.”

“இந்தியன் டீம்னு ஒண்ணு இருந்ததாமே, ஐயா?”

“அது நம்ம அப்பாங்க காலம். சிங்கு ஆளுங்க உண்டு, நம்மாளுங்களும் உண்டு.” மேடானில் சீக்கியர்கள் என்றால் பால் மாடும் காவல் வேலையும் என்றுதான் பழைய ஆட்களுக்கு நினைவு. அவர்கள் 1931-ல் தொடங்கிய கால்சா பள்ளிக்கூடம் இந்தப் பேட்டையைச் சேர்ந்ததுதான். தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே இங்கிலீஷ் படித்தார்கள். பெரியவர் எழுந்து கையை நீட்டினார். “நேராப் போங்க. கெபுன் புங்கா. அங்கதான் பிளேயருங்க இருப்பாங்க. பூவு எதுவும் இருக்காது, போய் ஏமாந்துடாதீங்க.”

கெபுன் புங்கா

பெயருக்குப் பூந்தோட்டம். உள்ளே புல் பாதி, மண் பாதி. பல தலைமுறை வீரர்கள் தங்கியதும் பயிற்சி எடுத்ததும் இங்கேதான். பயணி போன நேரம் பத்து வயதுப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு ஒரு காலில் பூட்ஸ், மறுகால் வெறுங்கால். இன்னொரு பூட்ஸ் அவன் தம்பியிடம் இருந்தது. அந்தத் தம்பி எதிரணியில் ஆடினான்.

பையன்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தபோதே ‘ராப்-ராப்’ என்றால் என்ன என்று விளங்கிவிட்டது. மேடான் பாணிக்கு அதுதான் பெயர். பந்தைவிடக் காலைத் தேடி வரும் ஆட்டம் என்று ஜாவாக்காரர்கள் குறைப்படுவார்கள். வேகம், முரட்டுத்தனம், விட்டுக்கொடுக்காமை. ஆனால் இடித்தவனே கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒல்லிப்பயல் ஒருவன் தன்னைவிட இரு மடங்கு கனமானவனைத் தோளால் முட்டித் தள்ளினான், தூக்கிவிட்டான், அவன் முதுகு மண்ணைத் தட்டிவிட்டான், பிறகு பந்தைத் தேடினான். பந்து அதற்குள் கோலுக்குள் கிடந்தது.

இந்த மண் அனுப்பிய ஆட்கள் பலர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் யூனியனைக் கோல் போடவிடாமல் இந்தோனேசியா நிறுத்தியதே, அந்த அணியில் மேடானின் ரம்லான் யாத்திம் ஆடினார். ரோனி பஸ்லா இன்னொருவர். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த பையன், கோல்கீப்பரானவர். 1972 ஜூனில் பெலே தன் சான்டோஸ் அணியோடு ஜகார்த்தா வந்தார். சான்டோஸ் 3-2 என்று ஜெயித்தது. அதை இங்கே யாரும் சொல்வதில்லை. அன்று பெலே அடித்த ஒரு பெனால்டியைப் பஸ்லா தடுத்தார் என்பதை மட்டும் பூக்காரரிலிருந்து பெச்சாக் ஓட்டுநர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். ஓட்டுநர் இரண்டு கையையும் விட்டுவிட்டு அதை நடித்தும் காட்டினார், ஓடும் வண்டியில்.

ஒரு காப்பிக் கடை

சிடிக்காலாங் மலைக்காப்பி கறுப்பு மையாக வருகிறது. பக்கத்து மேசைக்குத் தே சூசு தெலூர்: தேநீர், பால், நுரைக்க அடித்த பச்சை முட்டை. பயணி அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுக் காப்பியே போதும் என்று முடிவெடுத்தார். தட்டில் பீக்கா அம்போன், தேன்கூடு மாதிரி பொத்தல் பொத்தலான மஞ்சள் கேக். இன்னொரு தீவின் பெயரைச் சுமக்கும் இந்தப் பலகாரம் மேடானின் சொந்தச் சொத்து.

கடையில் உட்கார்ந்திருந்த பத்தாக் தாத்தா ஒருவர் காப்பி தம்ளர் இரண்டை எட்ட வைத்துக் கோல் கம்பமாக்கினார். சர்க்கரைக் கட்டி ஐந்தை எடுத்து வரிசையாக நிறுத்தினார். 1985-ஐச் சொல்லத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம்.

அதற்கு முன்கதை உண்டு. அந்நாளில் இந்தோனேசியாவில் ‘பெர்செரிகாத்தான்’ என்ற போட்டிதான் பெரிது. ஆடியவை முதலாளி அணிகள் அல்ல, ஊர்ச் சங்கங்கள்: பாண்டுங்கின் பெர்சிப், ஜகார்த்தாவின் பெர்சிஜா, சுரபாயாவின் பெர்செபாயா. நகராட்சிப் பணம், அமெச்சூர் ஆட்டக்காரர்கள். மேடான் 1967-ல் பெர்சிப்பை 2-0 என்று வீழ்த்திக் கோப்பை எடுத்தது. 1970-ல் ஆசிய சாம்பியன் கிளப் போட்டிக்கு டெஹ்ரான் போய் நாலாம் இடம் பிடித்தது. 1971-ல் மறுபடி கோப்பை. 1975 இறுதியாட்டத்தில் பெர்சிஜாவோடு 1-1 என்றிருந்தபோது களத்திலேயே கைகலப்பு. முதல் பாதிகூட முடியவில்லை. தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பர்டோசோனோ இரு அணிகளையும் சாம்பியன் என்று அறிவித்துவிட்டார். “பாதிக் கோப்பை,” என்றார் தாத்தா, கேக்கை இரண்டாகப் பிட்டுக் காட்டி. 1983-ல் இறுதியில் மறுபடி பெர்சிப். கோல் இல்லை, பெனால்டியில் மேடான் 3-2.

இரண்டு வருஷம் கழித்து, 1985 பிப்ரவரி 23. அதே இரண்டு அணிகள், அதே செனாயான் மைதானம். தாத்தா பெலாவான் துறைமுகத்தில் கப்பலேறி ஜகார்த்தா போயிருந்தார். மைதானம் கொள்வதைவிட அதிகமாக, ஒன்றரை லட்சம் பேர் என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. அமெச்சூர் கால்பந்து அதுவரை கண்டிராத கூட்டம் என்பார்கள். பெஞ்சு நிரம்பி, ஓடுபாதை நிரம்பி, எல்லைக்கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். “கார்னர் அடிக்கறவன் ஓடி வர இடமில்லை, நாங்க காலை மடக்கிக்கிட்டாத்தான் அவன் அடிக்க முடியும்.” மேடான் இரண்டு கோல் முன்னால் போனது. பாண்டுங் இரண்டையும் திருப்பியது. சமன் செய்தவர் அஜாட் சுட்ராஜாட். கூடுதல் நேரமும் போதவில்லை. பெனால்டி.

இங்கே சர்க்கரைக் கட்டிகள் நகர ஆரம்பித்தன. தாத்தா ஒவ்வொன்றாகச் சுண்டினார். கட்டிகள் தம்ளரில் பட்டுத் தெறித்தன, ஒன்று கீழே விழுந்தது, ஒன்று பயணியின் காப்பிக்குள் போனது. கோலில் நின்ற பொனிரின் மேக்கா இப்படிப் பாய்ந்தார், அப்படிப் பாய்ந்தார். கணக்கு 2-1. மேடானுக்குக் கோப்பை. அத்தனை பேர் அடித்து மொத்தம் மூன்றே கோல் என்றால், ஒன்றரை லட்சம் பேர் நடுவே ஆட்டக்காரர்களின் கால் எப்படி நடுங்கியிருக்கும்!

“அப்புறம்?” என்று கேட்டார் பயணி.

தாத்தா தம்ளரை எடுத்துக் காப்பியைக் குடித்தார். அப்புறம் கோல் கம்பம் இல்லை.

தெலாடான்

தெலாடான் என்றால் முன்மாதிரி. 1953-ல் தேசிய விளையாட்டுப் போட்டி மூன்றாம் முறையாக நடந்தபோது மேடானுக்காகக் கட்டிய மைதானம். பயணி போனபோது தகரத் தடுப்புக்குப் பின்னால் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தால் மண்மேடு, கம்பி, கிரேன். காவலாளி வேண்டாமென்று கையசைத்தார். திருச்சி என்றதும் அது எங்கே என்று கேட்டார். இந்தியா என்றதும் ஷாரூக் கான் என்று சிரித்துவிட்டு ஐந்து நிமிஷம் விட்டார்.

1985-க்குப் பிறகான கதை இந்த மண்மேட்டைப் போலத்தான். தொழில்முறை லீக் வந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். நகராட்சிப் பணம் மட்டும் பழைய வழக்கப்படி ஓடிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரியில் ஒருமுறை உச்சிக்கு மிக அருகில் போனார்கள்: லீக் இறுதியாட்டம், பாலெம்பாங்கின் ஸ்ரீவிஜயா அணியிடம் 1-3. பிறகு, தொழில்முறைக் கால்பந்துக்கு உள்ளாட்சி நிதி கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அதே சமயம் நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்புக்குள் பிளவு. ஒரே பெயரில் இரண்டு பெ எஸ் எம் எஸ், இரண்டு லீக்கில். எந்தச் சேவல் அசல் என்று ஆதரவாளர்களே பிரிந்து நின்றார்கள். 2013-ல் மாதக்கணக்கில் சம்பளம் வராத ஆட்டக்காரர்கள் ஜகார்த்தாவுக்கே போய்க் கூட்டமைப்பிடம் முறையிட்டார்கள். ஆறு அணிகள் கூடி ஒன்றான சங்கம் இரண்டாக உடைந்து நின்றதுதான், வாங்கிய எந்தத் தோல்வியையும்விட, இந்த ஊர்க்காரர்கள் சொல்லக் கூசும் விஷயம். காப்பிக் கடைத் தாத்தா தம்ளரை எடுத்துக்கொண்டதன் காரணம் இங்கே வந்துதான் புரிந்தது.

2017-ல் ஒரு மூச்சு. இரண்டாம் பிரிவு இறுதியில் பெர்செபாயாவிடம் 2-3 என்று தோற்றாலும் மேலே ஏறினார்கள். மேடான் அணியின் அப்போதைய பயிற்சியாளர் ஜாஜாங் நூர்ஜாமான். பெர்சிப்பின் பழைய ஆட்டக்காரர்! விதிக்கும் ராப்-ராப் தெரியும்போல. அடுத்த வருஷமே கடைசி இடம், மறுபடி கீழே.

தடுப்புத் தகரத்தில் யாரோ பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தார்கள்: ரிபாக் சூடே. பத்தாக் மொழியில், எல்லாம் கிழியட்டும். பக்கத்திலேயே ஊரின் பஞ்ச் வசனம்: “இனி மேடான், புங்!” இது மேடான், தம்பி!

பாத்தாங் குயிஸ்

பயணி போன சமயத்தில் அணி ஊருக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. 2024-ல் ஆச்சேயும் வட சுமத்ராவும் சேர்ந்து தேசிய விளையாட்டுப் போட்டியை நடத்தியபோது டெலி செர்டாங் மாவட்டத்தின் பாத்தாங் குயிஸில் ஒரு பெரிய மைதானம் கட்டினார்கள். நகரத்திலிருந்து விமான நிலையம் இருக்கும் திசையிலேயே திரும்பிப் போக வேண்டும். முதல் நாள் ரயில் ஜன்னலில் பார்த்த அதே எண்ணெய்ப்பனை. மைதானம் நிற்கும் இடமும் அரசுத் தோட்டக் கழகத்தின் பழைய நிலம். புகையிலை போட்டுக் கிடந்த சீமையில், புகையிலைச் சின்னம் தரித்த அணிக்குப் புது வீடு.

சாயங்காலம் தோட்டத்துச் சாலை முழுக்கக் கெரேத்தாக்கள். பயணிக்கு இப்போது அந்தச் சொல் பழகிவிட்டது. ஏற்றிக்கொண்டவனுக்குப் பின்னால் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார். வாசலுக்கு வெளியே தள்ளுவண்டியில் மீட்பால் சூப் கொதித்தது. பச்சைக் கைக்குட்டை, பச்சைக் கொடி, போலிச் சட்டை, அசல் சட்டை என்று விற்பனை ஜோராக இருந்தது. இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று கேட்டால், பதிலுக்குப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்கள்.

வரிசையில் முன்னால் ஒரு சின்னப் பையன், தலையில் காகித அட்டையில் செய்த சேவல் முகமூடி. கொண்டை வைத்து, பஞ்சு ஒட்டி, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். அலகு மட்டும் மஞ்சள். பின்னால் நின்ற ஒருவர், பையனுக்கு அவர் யாரோ, இவன் அவருக்கு யாரோ, குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கினாந்தானுக்கு அலகு வெள்ளை என்று சொன்னார். பையன் முழித்தான். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் உள்ளங்கையில் கொட்டி, அட்டை அலகில் அழுத்தி அழுத்திப் பூசினார். வியர்வையில் பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டியது. பையன் தும்மினான். அலகில் பாதி மறுபடி மஞ்சளாக, அவர் மறுபடி டப்பாவைக் கேட்டார். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.